பேட்மேன் (2022): அந்தப் படத்தில் துப்புத் துலக்கியது யார்?

வாசகர் ஒருவர், 7 மார்ச் 2022

துப்பறியும் படம், துப்பறியும் படம் என்று எல்லோரும் எழுதியதை நம்பி தர்மபுரியிலிருந்து ஓசூர் வரை வண்டி ஓட்டிப் போய்ப் பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் மழை, இருட்டு, பெருமூச்சு. வில்லன் விடுகதை எழுதி வைக்கிறான், இவர் வாசிக்கிறார், அடுத்த ஆள் சாகிறான். கடைசியில் பாதி ஊர் தண்ணீரில். இதில் இவர் கண்டுபிடித்தது என்ன? யாராவது சொல்லுங்கள்.

7 மார்ச் 2022, இரவு 11.40

நான் சொல்கிறேன். படம் பார்க்காதவர்கள் இத்தோடு நின்றுகொள்ளுங்கள், கதையை முழுசாக உடைத்துத்தான் பேசப் போகிறேன்.

முதலில் தியேட்டர். நான் பார்த்த இடத்தில் புரொஜெக்டர் வெளிச்சம் பாதிதான். கேமராக்காரர் கிரேக் ஃபிரேசர் ஏற்கெனவே மையை ஊற்றித்தான் படம் எடுத்து வைத்திருக்கிறார், அதில் பல்பிலும் சிக்கனம் பிடித்தால் என்ன தெரியும்? முதல் அரை மணி நேரம் பேட்மேன் எந்த மூலையில் நிற்கிறார் என்பதையே நான் துப்பறிய வேண்டியிருந்தது. ஆக உங்கள் கோபத்தில் பாதி நியாயம்.

மீதிப் பாதி இல்லை. பேட்மேன் காமிக்ஸ் போடும் கம்பெனியை டிசி, டிசி என்கிறோமே, அதில் டி என்பதே டிடெக்டிவ். 1939-இல் பேட்மேன் முதன்முதலில் வந்தது டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழில். பறக்கிறது, உலகத்தைக் காப்பாற்றுகிறது எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை. இந்தப் படம் பழைய இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது. மீதியை நாளை எழுதுகிறேன், காலையில் இரண்டு மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுக்க வேண்டும்.

9 மார்ச் 2022

நாளை என்றது நாளை மறுநாள் ஆகிவிட்டது, இரண்டாவது மோட்டார் ஒழுங்காக வரவில்லை.

முதல் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலோவீன் இரவில் மேயர் தன் வீட்டிலேயே சாகிறார். ஒரு கட்டைவிரலைக் காணோம். சுற்றிலும் போலீஸ்காரர்கள் நிற்க, பேட்மேன் குனிந்து பார்த்துவிட்டு, வெட்டிய இடத்தைச் சுற்றிக் கன்றியிருக்கிறது, வெட்டும்போது ஆள் உயிரோடு இருந்தான் என்கிறார். உயிர் போன பிறகு வெட்டினால் அப்படிக் கன்றாது, இதயம் ரத்தத்தைத் தள்ளினால்தானே தோலுக்கடியில் கசியும். இது துப்பறிதல் இல்லையா?

அடுத்தது கொலைகாரன் பேட்மேனுக்கு என்று விட்டுப்போன வாழ்த்து அட்டை. "செத்துப்போன பொய்யன் என்ன செய்வான்?" ஆங்கிலத்தில் பொய் சொல்வதற்கும் படுத்துக் கிடப்பதற்கும் ஒரே சொல், அதனால் "அசையாமல் கிடப்பான்" என்ற விடை அங்கே சிரிப்பாக விழுகிறது. கூடவே ஒரு சங்கேதத் தாள். விடையில் உள்ள எழுத்துகளை வைத்துக்கொண்டு, மற்றக் குறிகளுக்கு என்ன எழுத்து என்று பேட்மேன் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் மண்டையை உடைத்துக்கொள்கிறார். புரூஸ், அதாவது முகமூடி இல்லாத பேட்மேன், அப்படிச் செய்யவில்லை. கையில் இருக்கிறதை மட்டும் போடு, இல்லாததை விட்டுவிடு என்கிறார். "டிரைவ்" என்று வருகிறது. மேயரின் காரில் போய்ப் பார்த்தால் காணாமல் போன கட்டைவிரல், அதோடு கோத்து ஒரு பென் டிரைவ். தம்ப் டிரைவ்! கொலைகாரனுக்குக் கடிஜோக் புத்தி.

ரிட்லர் என்கிற இந்த விடுகதை வில்லனுக்கு முன்மாதிரி ஸோடியாக் கொலைகாரன் என்று இயக்குநர் மேட் ரீவ்ஸே சொல்லியிருக்கிறார். 1968, 69-இல் வடக்குக் கலிஃபோர்னியாவில் ஆட்களைக் கொன்றுவிட்டுப் பத்திரிகைகளுக்குச் சங்கேதம் எழுதி அனுப்பியவன். 1969-இல் அவன் அனுப்பிய முதல் சங்கேதத்தில் 408 குறிகள். அதை உடைத்தது உளவுத்துறை இல்லை, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மனைவியும். 340 குறிகள் கொண்ட இன்னொன்று 51 வருஷம் யாருக்கும் பிடிபடாமல் கிடந்து 2020 டிசம்பரில்தான் அவிழ்ந்தது. அவிழ்ந்து என்ன, அவன் யார் என்பது அதிலும் இல்லை. சங்கேதம் உடைந்தால் ஆள் கிடைப்பான் என்று எந்தச் சட்டமும் கிடையாது, படத்தைக் குறை சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

10 மார்ச் 2022

ஒரு சின்ன விஷயம். படம் தொடங்கும்போது பேட்மேன் டைரிக் குரலில் "வியாழன், அக்டோபர் 31" என்கிறார். நடந்துபோன 2021-இல் அது ஞாயிறு, வரப்போகும் 2022-இல் திங்கள். வியாழனில் வந்தது 2019. ஏன் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, காலண்டரைப் புரட்டாமல் இருக்க முடியவில்லை.

12 மார்ச் 2022

பாலக்கோட்டு நண்பர் கேட்டிருக்கிறார், அந்தப் பொய்யன் விடுகதையைத் தமிழில் எப்படிப் போடுவது என்று. மூன்று நாளாக அதே ஞாபகம். நேற்றுக் காயிலுக்கு எண்ணிக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டது, வந்த சந்தோஷத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன், முழுச் சுற்றையும் பிரித்து மறுபடி கட்டினேன்.

"பொய்யன் செத்தால் மிஞ்சுவது என்ன?"

மெய்.

அவ்வளவுதான். உடம்பும் மெய், உண்மையும் மெய். ஆங்கிலத்தில் பொய்யன் வெறுமனே கிடக்கிறான், நம் ஊரில் செத்த பிறகாவது உண்மையாகிவிடுகிறான்.

பின்குறிப்பு: உடம்பை யார் இப்போது மெய் என்கிறார்கள் என்று ஓசூர்த் தம்பி மடக்கப் பார்க்கிறார். உயிர்மெய் எழுத்தில் உயிரை எடுத்தால் என்ன மிஞ்சும் தம்பி? ஒன்றாம் வகுப்பு.

20 ஏப்ரல் 2022

இரண்டாவது தடவை பார்த்தேன், போனில், வெளிச்சத்தை முழுசாக வைத்து. இந்தத் தடவை வேறு ஒன்று கண்ணில் பட்டது. இத்தனை நாள் நான் எழுதிக்கொண்டிருந்தது கொஞ்சம் பிசகு என்று தோன்றுகிறது.

கதையின் முக்கால்வாசியில் ரிட்லர் தானாகவே பிடிபட உட்கார்ந்திருக்கிறான், ஒரு காபிக் கடையில். அப்புறம் ஆர்க்கம் மனநல மருத்துவமனையில் பேட்மேனைப் பார்க்கும்போது அவனுக்கு ஒரு சந்தேகம் வருகிறது: இந்த ஆளுக்குக் கடைசித் திட்டம் தெரியவில்லை போலிருக்கிறதே. நீ புத்திசாலி என்று நினைத்துவிட்டேன் என்கிறான். ரிட்லரின் வீட்டில் மேயர் கொலைக்குப் பயன்பட்ட கருவி கிடைக்கிறது. பேட்மேன் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், ஆயுதம் என்பதைத் தாண்டி அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. அங்கே காவலுக்கு நின்ற சாதாரணப் போலீஸ்காரர் சொல்கிறார், இது கார்ப்பெட் போடுகிறவன் சாமான், எங்கள் மாமா அந்த வேலைதான் பார்க்கிறார் என்று. சுவரோரத்தில் கார்ப்பெட்டின் விளிம்பை உள்ளே திணிக்க உளி மாதிரி ஒரு தகடு. அவ்வளவுதான், பேட்மேன் ஓடிப்போய்க் கார்ப்பெட்டைக் கிழிக்கிறார், கீழே தரையில் மொத்தத் திட்டமும் வரைந்திருக்கிறது.

கவனியுங்கள். விடுகதை, சங்கேதம், கண்ணுக்குள் மாட்டும் கேமரா லென்ஸ், இத்தனைக்கும் எட்டாதது ஒரு கார்ப்பெட்காரரின் மருமகனுக்கு எட்டியது. கோடீஸ்வர வீட்டுப் பிள்ளை, கார்ப்பெட்டின் மேல் நடந்திருப்பார், அதை யார் விரித்தார் என்று பார்த்திருக்க மாட்டார்.

எனக்கு இந்தக் காட்சி இவ்வளவு பிடித்ததற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்று காரணம். 2016-இல் காவேரிப்பட்டணம் பக்கம் என் மாமா தோட்டத்தில் போர் மோட்டாரின் ஒயரை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சப்மெர்சிபிளுக்குப் போடும் பட்டை ஒயர், மூன்று கோர், நல்ல காப்பர். நான் காயில் கட்டுகிறவன், ஒயர் என் தொழில், அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன், பெரிய நிபுணன் மாதிரி கட்டிங் பிளேயர் என்றேன்.

பக்கத்துத் தோட்டத்தில் மாங்கன்று ஒட்டுக் கட்ட வந்திருந்த பெரியவர் ஒருவர் அங்கே நின்றார், சந்தூர்ப் பக்கத்துக்காரர். சந்தூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மாங்கன்று நர்சரிகள் வரிசையாக இருக்கும் ஊர், அங்கே பிள்ளைகள் பேனா பிடிப்பதற்கு முன்னால் ஒட்டுக்கத்தி பிடிக்கும். வரப்பில் கிடந்த ஒயரின் மேல்தோலைப் பெரியவர் எடுத்துப் பார்த்தார். காப்பர் திருடுகிறவர்கள் வழக்கமாக ஒயரைக் கும்பலாகப் போட்டுக் கொளுத்துவார்கள், தோல் உருகிப் போகும், கம்பி மிஞ்சும், புகையும் நாற்றமும் காட்டிக்கொடுக்கும். இவன் கொளுத்தவில்லை. நீளவாக்கில் கீறி உரித்திருக்கிறான். பெரியவர் அந்தக் கீறலை நகத்தால் தடவிவிட்டு, "ஒட்டுக்கத்திங்க" என்றார்.

ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பட்டையைச் சீவும்போது தண்டு காயப்படக் கூடாது, கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்பது கைக்கே தெரிய வேண்டும். இங்கேயும் தோல் மட்டும் விட்டிருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டே நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம், நர்சரியில் வேலை பார்த்த ஒரு பையன். கார்ப்பெட்காரர் கதையேதான்.

22 ஏப்ரல் 2022

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. கருவியை அடையாளம் சொன்ன அந்தப் போலீஸ்காரர், மார்டினெஸ், முதல் காட்சியில் பேட்மேனை உள்ளே விடமாட்டேன் என்று கதவருகே மறித்தவர். நான் இரண்டு பேரையும் வேறு வேறு ஆள் என்று நினைத்திருந்தேன். தொப்பி போட்ட போலீஸ்காரர்கள் எல்லோரும் ஒரே முகமாகத் தெரிந்தது என் குற்றம்தான், அதைத்தானே புரூஸ் வேய்ன் செய்கிறார் என்று இரண்டு நாள் முன்னால் எழுதினேன்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறகு முளைத்த எலி என்று ஸ்பானியத்தில் ஒரு துப்பு வரும். பேட்மேனும் போலீஸ் அதிகாரி கார்டனும் பெங்குவின் என்கிற ரவுடியைக் கட்டிப்போட்டு உருட்டுகிறார்கள். அந்த ஸ்பானியமே தப்பு, எலிக்கு ஆண்பால் போட்டிருக்கிறீர்கள், பெண்பால் வர வேண்டும் என்று அடிபட்ட வாயோடு அவன் இலக்கணம் எடுக்கிறான். அந்தத் தப்புத்தான் துப்பே, எழுத்துக்கூட்டினால் ஓர் இணைய முகவரி. ஒரு ரவுடி, ஒரு கடைநிலைப் போலீஸ்காரர். முக்கியமான இரண்டு கதவையும் திறந்தது இவர்கள்.

பேட்மேனை உண்டாக்கியதிலும் இதே கதை உண்டு. பல பத்து வருஷங்களுக்கு பாப் கேன் பெயர் மட்டும் போட்டார்கள். முகமூடி, உடை, கதை என்று பாதிக்கு மேல் யோசித்துக் கொடுத்த பில் ஃபிங்கருக்கு முறைப்படி பெயர் போட ஒத்துக்கொண்டது 2015-இல், அவர் செத்து 41 வருஷம் கழித்து.

24 ஏப்ரல் 2022

"அப்போ தமிழில் எடுத்தால் பேட்மேன் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்கிறார் ஒருவர். ஆமாம், போகலாம். பிளம்பர் நாளைக்கு வரேன் என்பார், அதற்குள் ஊர் மூழ்கும்.

3 மே 2022

20-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இந்த இழையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், ஒயர்க் கதை வந்தால் சந்தோஷப்படுவாள் என்று. கேட்டுவிட்டு, "இப்படியா நடந்தது?" என்றாள். பெரியவர் கத்தியைச் சொன்னாரே தவிர யாரையும் கை காட்டவில்லையாம். ஒட்டுக்கத்தி என்றதும் உன் மாமன்தான் அந்தப் பையன் பேரை எடுத்தான், அவனுக்குத் தெரிஞ்ச நர்சரிப் பையன் அவன் ஒருத்தன்தானே, போன வருஷம் கூலித் தகராறு வேற இருந்துச்சு என்றாள்.

நானும் போயிருந்தேன். அதை எழுதவில்லை. நாலு பேர் வண்டியில் போனோம், பையன் நர்சரியில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தான், கேட்டதுக்கு இல்லை என்றான், மாமா அறைந்தார், இன்னொருவர் அறைந்தார். நான் கை வைக்கவில்லை, பிடித்துத் தடுக்கவும் இல்லை, வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றேன். ஒயர் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவன் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள், போனதே ஒத்துக்கொண்ட மாதிரிதான் என்று மாமா சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். "கண்டுபிடித்துவிட்டோம்" என்று நான் எழுதியது இதைத்தான்.

6 மே 2022

ஏன் போலீசுக்குப் போகவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போனோம். எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தோம்.

படத்துக்கு வருகிறேன், அது சுலபம். புரூஸின் அப்பா தாமஸ் வேய்ன் ஒரு பத்திரிகைக்காரரைக் கொல்ல ஆள் வைத்தார் என்று ரிட்லர் குற்றம் சாட்டுகிறான். தாதா ஃபால்கோனியிடம் கேட்டால் ஆமாம் என்கிறான், உன் அப்பாவைக் கொன்றது எதிர்க் கோஷ்டி என்றும் சேர்த்துக்கொள்கிறான். ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஆல்ஃபிரட்டிடம் கேட்டால், மிரட்டச் சொன்னார், கொல்லச் சொல்லவில்லை என்கிறார். சரி, அப்பா அம்மாவைக் கொன்றது யார், ஃபால்கோனியா? நிச்சயமாகத் தெரிந்திருந்தால் நல்லது என்கிறார் ஆல்ஃபிரட், ஒருவேளை பணத்துக்காக வந்த ஏதோ ஒரு வழிப்பறிக்காரன் பயந்துபோய்ச் சுட்டிருக்கலாம். அத்தோடு சரி. மூன்று மணி நேரத் துப்பறியும் படத்தில், துப்பறிகிறவரின் சொந்தக் கேஸ் முடியவே இல்லை. முதல் தடவை பார்த்தபோது இது எனக்குக் குறையாகப் பட்டது.

ரயில் நிலையத்தில் முதல் அடிதடியில் "நான்தான் பழி" என்கிறாரே, தியேட்டரில் விசில் பறந்தது, நானும் அடித்தேன். கடைசியில் முகமூடியை உருவியதும் ரிட்லரின் ஆள் ஒருவன் அதே வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்கிறான். யாரும் விசில் அடிக்கவில்லை.

இனிமேல் இதில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

5 டிசம்பர் 2024

இரண்டரை வருஷம் கழித்து யாரோ இழையைத் தூக்கி மேலே போட்டிருக்கிறீர்கள், கேள்வி என்னவென்றால் கடல் சுவரை உடைத்து ஊரை மூழ்கடிக்கிற காட்சி நம்பும்படி இருக்கிறதா என்று. இந்த வாரம் பார்த்துக் கேட்கிறீர்கள்.

ஃபெஞ்சல் புயல் கரையேறி வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏரி நிரம்பி வந்த தண்ணீர் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் ரோட்டிலேயே உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ரிட்லர் ஏழு வேன்களில் குண்டு வைத்துத் தண்ணீரை உள்ளே விட்டான், இங்கே தண்ணீர் வந்து வேன்களைக் கொண்டுபோனது. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் ஒரு மதகு உடைந்தபோது தென்பெண்ணைக் கரையில் நாங்கள் ராத்திரி முழுக்க முழித்திருந்தோம். அதற்கு வில்லன் தேவைப்படவில்லை, அணைக்கு வயது 60-ஐ ஒட்டி இருந்தது.

படத்தில் எனக்கு இப்போது நிற்பது அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும்தான். இடுப்பளவு தண்ணீரில் பேட்மேன் தீப்பந்தம் மாதிரி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, சனங்கள் பின்னால் வருகிறார்கள். யாரையும் அடிக்காமல் அவர் செய்கிற உருப்படியான வேலை அது ஒன்று. கடையில் தண்ணீர் புகுந்த மோட்டார் 30-க்கு மேல் குவிந்து கிடக்கிறது, அப்புறம் வருகிறேன்.

19 ஜனவரி 2025

அடுத்த பாகம் 2027 அக்டோபருக்குத் தள்ளிப் போய்விட்டது என்று செய்தி. இருக்கட்டும்.

பொங்கலுக்கு வீட்டில் இருந்தபோது அம்மா அவரைக்காய் பறிக்கச் சொன்னாள். பந்தலில் கம்பும் கம்பும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒன்று சுற்றிக் கட்டியிருந்தது. ஒயரின் மேல்தோல். மாமா தோட்டத்து வரப்பில் கிடந்ததை அன்றைக்கே அம்மா சுருட்டி எடுத்து வந்திருக்கிறாள், மழைக்கும் வெயிலுக்கும் இத்துப்போகாதே என்று. எட்டு வருஷமாகச் சாட்சி என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது, நான் கீழே நின்று காய் பறித்திருக்கிறேன்.

அவிழ்த்துப் பார்த்தேன். நான் எழுதியது போல ஒரே சீராக இல்லை. முதல் ஒரு முழம் சுத்தமாக இருக்கிறது, அப்புறம் கத்தி வழுக்கிய இடம், திரும்ப ஆரம்பித்த இடம், ஓர் இடத்தில் தோல் துண்டாகவே போயிருக்கிறது. பெரியவர் அன்றைக்குத் தடவியது எந்தப் பக்கம் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

சந்தூருக்குப் போனேன். பெரியவருக்கு இப்போது கண் சரியில்லை, ஒட்டுக் கட்டுவதில்லை, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கையில் கொடுத்தேன். முழு நீளத்தையும் விரலாலேயே பார்த்தார்.

"கத்தி ஒட்டுக்கத்திதான் தம்பி."

"அப்போ ஒட்டுக் கட்டுற ஆளு அறுத்ததுதானே தாத்தா?"

"நான் கத்தியைத்தானே சொன்னேன். ஆளைச் சொல்லலையே. இந்தக் கத்தி உங்க மாமன் வீட்டுலயும் இருக்கும், எங்க வீட்டுல அஞ்சு இருக்கு. இது கையில பழக்கம் இல்லாதவன் அறுத்தது."

மாமா வீட்டில் ஒட்டுக்கத்தி இருக்கிறதா என்று இன்னும் கேட்கவில்லை. அந்தப் பையன் ஓசூரில் எங்கே என்று நர்சரியில் விசாரித்தேன், ஒரு நம்பர் கொடுத்தார்கள், வேறு யாரோ எடுத்தார்கள்.

தோலைத் திரும்பக் கொண்டுவந்து பந்தலில் கட்டிவிட்டேன். இந்த வருஷம் அவரை நல்ல காய்ப்பு.